மோனி அழிக்கவில்லை

பிரபு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்றுப் போட்ட வீடியோவில் பார்த்தேன். முடி வெட்டியிருக்கிறாய், புது மைக் வாங்கியிருக்கிறாய், முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது. நான்தான் நன்றாக இல்லை. நாலு நாளாக எதைத் தொட்டாலும் கோபம் வருகிறது. பால் பொங்கினால் அடுப்பைத் திட்டுகிறேன், டிவி சத்தத்தைக் கூட்டினால் உன் அப்பாவைத் திட்டுகிறேன். திட்ட வேண்டியது உன்னை என்பது நேற்றுத்தான் உறைத்தது. உன்னோடு சேர்த்துத் திட்ட வேண்டிய இன்னொருத்தியும் இருக்கிறாள், அவளைப் பற்றியும் இதில் எழுதுகிறேன். உன் வீடியோவுக்குக் கீழே எல்லோரும் எழுதுகிற இடத்தில் இதைப் போடலாம் என்று முதலில் பார்த்தேன். இவ்வளவு நீளம் அங்கே கொள்ளாது போலிருக்கிறது. அதனால் நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குரூப்பில் போடுகிறேன். எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். உன் தங்கையைப் பற்றி நீ சொன்னதைத் தனியாகவா சொன்னாய்? நாலு பேர் முன்னால் சொன்னதற்கு நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை போனில் நீ சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உட்கார்த்தி எழுத வைக்கிறது. உன் தங்கை மோனி உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள், நீயே ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு என்றேன். "வரலன்னா உடும்மா. சித்தி பொண்ணு கீறா இல்ல, அவ போடுவா முடிச்சு" என்றாய். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. தாலியில் முதல் முடிச்சு நீ போடுவாய். மற்ற இரண்டு முடிச்சும் உன் கூடப் பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டியது. நாத்தனார் முடிச்சு என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. என் கல்யாணத்தில் உன் அத்தை போட்டாள். எனக்கும் அவளுக்கும் ஆயிரம் சண்டை வந்தது, ஆனால் அந்த முடிச்சைப் போட்டவள் என்ற உரிமையில் அவள் என் வீட்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காருவாள். அந்த உரிமையைத்தான் நீ ஆள் மாற்றிக் கொடுக்கிறேன் என்கிறாய். சித்தி பெண் நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் உன் தங்கை உயிரோடு, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், கோவில்பதாகையில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது இன்னொருத்தி எதற்கு வந்து முடிச்சுப் போட வேண்டும்?

அவள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று உனக்குத் தெரியாதா? திருமழிசையில் பெண் வீட்டில் நிச்சயதார்த்தம். மோனி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டுப் புடவை கட்டி, சீர்த்தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினாள். நீ வாசலில் நின்றுகொண்டு சம்பந்தி வீட்டார் இருபது பேருக்கு அவளை அறிமுகம் செய்துவைத்த அழகு இருக்கிறதே. "இவதான் அந்த மோனி. போன், லேப்டாப் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து உள்ள வெச்சிடுங்க, அழிச்சிடப் போறா." எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு வரப்போகிற மாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மோனியும் சிரித்தாள். பிறகு தட்டை இறக்கிவைத்துவிட்டு, பெண்ணுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, வெயிலில் நெடுஞ்சாலை வரைக்கும் நடந்துபோய் பூந்தமல்லி பஸ் ஏறிவிட்டாள். நான் உள்ளே காபி டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் போனது எனக்கு அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. நீ என்ன செய்தாய்? அந்த வாரமே ஒரு வீடியோவில் "எங்க மோனி கோச்சிக்கினா மக்களே" என்று அதையும் சொல்லிச் சிரித்தாய்.

உன் தொழிலை நான் கேவலமாகப் பேசவில்லை. விதவிதமான பிராணிகளைப் பிடித்து, பழக்கி, ஒன்றோடு ஒன்று மோத விடுகிற ஒரு வீடியோ கேம், அதைப் பற்றிப் பேசுவதுதான் உன் சேனல். நீ பிறந்த காலத்திலிருந்து இன்றுவரை புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் பழையதை எடுத்து, சினிமாவில் செய்வதுபோல் ரீமேக் செய்து விடுகிறார்கள். பழையதில் என்ன இருந்தது, ரீமேக்கில் எது மாறியது என்று துருவித் துருவிச் சொல்வது உன் வேலை. ஆரம்பத்தில் ஒன்றும் புரியாமல்தான் பார்த்தேன், பிள்ளை முகத்தைப் பார்க்கலாமே என்று. இப்போது எனக்கே பாதி மனப்பாடம். முதல் ரீமேக்கில் கதை முடிந்த பிறகும் போய்ப் பார்க்கப் புதிதாகச் சில தீவுகளைச் சேர்த்தார்கள். இரண்டாவது ரீமேக்கில் நம் அணியில் முதலில் நிற்கும் பிராணி, நாம் போகிற இடமெல்லாம் நம் பின்னாலேயே நடந்து வரும். மூன்றாவதில், முன்பு இருந்த பெரிய போட்டி மைதானத்தைக் கட்டாமல், கட்டப் போகிறோம் என்று அதன் பொம்மையை மட்டும் ஓர் அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு நீ நாற்பது நிமிஷம் கோபப்பட்டாய். இல்லாத ஊரில் இல்லாத மைதானத்தைக் கட்டவில்லை என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாய். கூடப் பிறந்தவள் சீர்த்தட்டை இறக்கிவைத்துவிட்டு வெயிலில் நடந்து போனதற்கு உன் தொண்டையில் ஒரு சத்தம் வரவில்லை.

உன் சேனல் தொடங்கியதற்கு நீ ஒரு கதை சொல்வாய். பத்தாவது படிக்கும்போது உன்னிடம் அந்த முதல் ரீமேக் கேசட் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த உன் மாமா, கையில் வைத்து ஆடும் மெஷினோடு சேர்த்துக் கொடுத்தது. அதற்குள் மூன்று வருஷம் ஆடியிருந்தாய். கிட்டத்தட்ட எல்லாப் பிராணிகளையும் பிடித்துவிட்டாய். அந்தக் கேசட்டில் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமிக்க முடியும், இன்னொருவர் புதிதாக ஆடிச் சேமித்தால் பழையது போய்விடும். அப்படித்தான் ஒருநாள் உன் தங்கை திருட்டுத்தனமாக எடுத்து ஆடி, உன் மூன்று வருஷத்தையும் அழித்துவிட்டாள். அன்று தொலைத்ததைத்தான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தச் சேனல் என்று சொல்லி முடிக்கும்போது உன் குரல் லேசாக உடையும். எல்லா வீடியோவிலும் அதே இடத்தில் உடையும். பார்க்கிறவர்கள் உருகிப் போகிறார்கள். யாருடைய போன் கெட்டாலும், எங்கே கரண்ட் போனாலும், "மோனி அழிச்சிட்டா" என்று கீழே வரிசையாக எழுதுகிறார்கள்.

அந்த மோனி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? போன பொங்கலுக்கு அவளைக் கேட்காமலே முகத்துக்கு நேராகப் போனை நீட்டிப் படம் எடுத்துப் போட்டாயே, அதைப் பார்த்து ஏழாம் வகுப்புப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். லேபுக்குள் அவள் நுழைந்தால், "மிஸ், நாங்க சேவ் பண்ணிட்டோம் மிஸ், கை வெக்காதீங்க மிஸ்" என்கிறார்களாம். ஒருநாள் போர்டு முழுக்க அவள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை கூப்பிட்டு என்ன விஷயம் என்று விசாரித்திருக்கிறார். என் அண்ணன் விளையாட்டாகச் சொன்னது மேடம் என்று உனக்காகப் பரிந்து பேசிவிட்டு வந்திருக்கிறாள். இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக்காரர் சொல்லித் தெரியும். சொல்லும்போது அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனிமேல் நான் சொல்லப் போவதை நிதானமாகப் படி. உன் ஆட்டத்தை மோனி அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

பத்தாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்த மெஷினை உன்னிடமிருந்து நான் பிடுங்கி வைத்தேன். வீட்டில் எங்கே ஒளித்தாலும் நீ மோப்பம் பிடித்துவிடுவாய் என்று என் கைப்பையிலேயே போட்டு கம்பெனிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன், ஞாபகம் இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை எடுக்கும்போது அதுவும் கூடவே வந்தது. என் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் சாந்தி, "இன்னாடி அது, ரேடியோவா?" என்றாள். என் பிள்ளை உயிரை விடுகிற சாமான், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று போட்டேன். முதலில் உன் ஆட்டம்தான் வந்தது. ஏதோ குகைக்குள் நின்றுகொண்டிருந்தாய். எதையாவது அழுத்தி உன் பிராணிகளைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து அணைத்துவிட்டேன். கேட்டாயா, கெடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். திரும்பப் போட்டபோது கீழே புது ஆட்டம் என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன்.

எங்கள் கம்பெனியில் செக்கிங்குக்கு வரும் ஒவ்வொரு லாட் சரக்குக்கும் ஒரு புதுத் தாள். புதுத் தாள் எடுத்து எழுதினால் பழைய தாள் எங்கேயும் போகாது, ஃபைலில் பத்திரமாக இருக்கும். ஆறு வருஷம் அப்படியே எழுதிப் பழகியவள் நான். புது ஆட்டம் என்றால் புதுத் தாள் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. பெட்டிக்குள் அடுக்கி வைத்த மாதிரி உன்னுடையது ஒரு பக்கம் இருக்கும், என்னுடையது ஒரு பக்கம் இருக்கும் என்று நினைத்தேன். ஆணா பெண்ணா என்று கேட்டது. சாந்தி, "பொம்பளதான்னு சொல்லு, பின்ன இன்னா" என்றாள். ஆதியில் வந்த ஆட்டத்தில் ஆண் பிள்ளை மட்டும்தான், அந்த ரீமேக்கில்தான் அந்தக் கதைக்குள் முதல் முறையாகப் பெண் பிள்ளையையும் விட்டார்கள் என்று போன வருஷம் நீ ஒரு வீடியோவில் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெயர் கேட்டது. ஏழு எழுத்துக்குமேல் இடம் இல்லை, என் பெயரில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அடித்தேன். எதிராளிப் பையன் ஒருவன் வருவான், அவனுக்கும் நாமே பெயர் வைக்க வேண்டும். "உன் ஊட்டுக்காரர் பேர போடுடி, அவரத்தான் நீ ஜெயிக்கணும்" என்றாள் சாந்தி. போட்டேன். இரண்டு பேரும் சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தோம். முதுகில் செடி முளைத்த பிராணியை எடுத்துக்கொண்டு, உன் அப்பாவை ஒரு சண்டையில் ஜெயித்து, ஊரை விட்டு வெளியே நாலடி நடந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாளும் ஆடலாம் என்று சேமிக்கப் போனேன். ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருக்கிறது, சேமித்தால் அது போய்விடும் என்று அது எச்சரித்தது. அது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அது நாலு வரி இங்கிலீஷ், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், சாப்பாட்டு நேரம் முடிந்து சைரன் வேறு ஊதிவிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் அதுவரை ஆமாம் ஆமாம் என்றுதான் அழுத்தியிருந்தேன், இதற்கும் அழுத்தினேன். நாலு மணி டீக்கு விட்டபோது ஆசையாக மறுபடி போட்டால் என் பெயர் மட்டும்தான் இருந்தது. உன்னுடையதைத் தேடினேன். அணைத்து அணைத்துப் போட்டேன். சாந்தியிடம் காட்டினேன். "எங்கியாச்சும் உள்ள இருக்கும்டி, ஃபைல்ல தேடச் சொல்லு" என்றாள். அதற்குப் பிறகு அதை நான் தொடவே இல்லை. பையின் அடியில் போட்டு மேலே துண்டைச் சுற்றி வைத்தேன். பரீட்சை முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நாள் எண்ணினேன்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மத்தியானம் வந்தாய். சோறுகூடச் சாப்பிடாமல் மெஷினைக் கேட்டாய். உன் அப்பாவுக்கு அன்று வார லீவு, கட்டிலில் படுத்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். நீ போட்டதும் என் பெயர் வரும், நீ திரும்பிப் பார்ப்பாய், நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ போட்டாய். பிறகு மெஷினை அப்பாவிடம் காட்டினாய். திரையில் என் பெயர் இல்லை. மோனி என்று இருந்தது.

நான் அடித்தது என் பெயர். அதற்கு மேல் யாரோ மோனி பெயரைப் போட்டுச் சேமித்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு விநாடி ஆகவில்லை, அவள் கதவோரம்தான் நின்றிருந்தாள், பத்து வயசு. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தாம்ப்பா, தெரியாம அமுக்கிட்டேன்" என்றாள். உன் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். நீ அதுவரைக்கும் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டவளை அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாய், அதுவும் கூப்பிட்டால்தான். அந்தக் கோடை லீவு முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என்ன செய்தேன்? ராத்திரி சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன். அவள் காலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். வாயைத் திறக்கவில்லை. பெற்ற மகள் எனக்காக வாங்கிய அடியை, எனக்காகத்தான் என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத அடியை, பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, பிறகு சொல்லவே முடியாத தூரத்துக்குப் போய்விட்டது. அவள் அண்ணனை இழந்ததற்கு நான்தான் காரணம். இதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் உன்னையும் விடமாட்டேன். அந்த மெஷின் இரண்டு மாதமாக யாரிடம் இருந்தது? என் பையில். ஒரு நாளாவது அதை யோசித்தாயா? பழைய ஆட்டத்தில் எந்த ஊரில் எந்த மரம் நின்றது, ரீமேக்கில் அது எத்தனை அடி நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிற கண் உனக்கு. உன் வீட்டில், உன் கண் முன்னால் நடந்த ஒன்றில், அம்மா பைக்குள் இருந்தது பாப்பா கைக்கு எப்படிப் போனது என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. தெரியவில்லையா, கேட்க விருப்பமில்லையா? சின்னவள் மேல் பழி போட்டால் சௌகரியம். அவள் திருப்பி அடிக்கமாட்டாள். அந்த ரீமேக்கில் மட்டும் ஒரு வசதி இருந்தது என்று நீயே சொல்வாய், விட்ட ஆட்டத்தைத் தொடரும்போது கடைசியாக நீ என்னென்ன செய்தாய் என்று நிறமில்லாத படமாக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே விடும், பின்னால் வந்த ரீமேக்குகளில் அதை எடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுவாய். உனக்கு நான் ஓட்டிக் காட்டுகிறேன். தங்கை கல்யாணத்தில் நீ பந்தி முடியும்வரைகூட இருக்கவில்லை, ஏதோ புது ஆட்டம் வெளியாகிறது என்று கிளம்பிப் போனாய். அவளுக்கு ஆபரேஷன் ஆனபோது போனில் விசாரித்தாய், அதையும் என் போனில். நிச்சயதார்த்தத்தில் அவளை வாசலில் வைத்துச் சிரித்தாய்.

வருகிற பெண்ணுக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன். நாலு பேரைச் சிரிக்கவைக்க அவளைக் கேலிப் பொருளாக ஆக்காதே. அவள் உன்னோடு சேர்ந்து சிரிப்பாள், மோனியும் சிரித்தாள். சிரித்தால் வலிக்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. வீட்டில் ஒன்று உடைந்தால் யார் என்று கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேள். உன் அப்பா கேட்காமல் அடித்தார், நீ கேட்காமல் பேச்சை நிறுத்தினாய். பெல்ட்டை எடுக்கவில்லை என்பதற்காக நீ அவரைவிட நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகை போனேன். மோனி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு சட்டை மடித்தேன், பிறகு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெயரை ஏன் மாற்றினாய் என்று பதினேழு வருஷம் கழித்துக் கேட்டேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "நீ சமைச்சிகினு இருக்கசொல்ல உன் பையிலருந்து எடுத்துப் பாத்தேம்மா. உன் பேரு இருந்திச்சு. உள்ள போனா ஒரு பையன் அப்பா பேர வெச்சிகினு நிக்கிறான், எனக்குச் சிரிப்பா வந்திச்சு. அப்பறம் அப்பா பாத்தா இன்னா ஆவும்னு நெனச்சேன்" என்றாள். அந்த வருஷம் தை மாதம் உன் அப்பா என்னை அறைந்து, நான் கோபித்துக்கொண்டு பூந்தமல்லியில் உன் மாமா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தேனே, உனக்கு நினைவிருக்காது, நீ டியூஷன் டியூஷன் என்று ஓடிக்கொண்டிருந்தாய். அவளுக்கு நினைவிருக்கிறது. "உன்ன அடிச்சா நீ மறுபடியும் மாமா ஊட்டுக்குப் போயிடுவ. என்ன அடிச்சா நான் எங்க போவப் போறேன்" என்றாள்.

அண்ணனிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சொல்லாதம்மா. அவனுக்கு அந்தக் கதைலதான் பொழப்பு ஓடுது. இப்பப் போய் அது இல்லன்னா இன்னா பண்ணுவான்?" என்றாள். ஏழாம் வகுப்புப் பையன்கள் கேலி பண்ணுகிறார்களே என்றேன். "அவனுங்க பெரிசானா மறந்துடுவானுங்க" என்றாள். கல்யாணத்துக்கு வருகிறாயா என்று மறுபடியும் கேட்டேன். எழுந்து எனக்கு டீ போடப் போனாள்.

இவளைத்தான் நீ வரலன்னா உடும்மா என்கிறாய். பதினேழு வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், சொல்லாதே என்று அவள் சொன்னதைக் கேட்கப் போவதில்லை. உன் சேனல் கதை பொய் என்று ஆகிவிட்டதே என்று நீ பதறலாம். பதறு. மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஒரு வீடியோ போட்டுவிடாதே, குரல் உடைகிற இடம் உனக்கு நன்றாகத் தெரியும், அதை நான் பார்க்க விரும்பவில்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உனக்குப் பின்னால் மோனி நிற்கவில்லை என்றால் நான் மேடை ஏறமாட்டேன். கொரட்டூர் மண்டபத்தில் கடைசி வரிசையில், வந்தவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இது மிரட்டல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டில்தான் இருப்பாள். போனைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் போ. வருங்காலப் பெண்டாட்டியைத் துணைக்குக் கூட்டிப் போகாதே, என்னையும் கூப்பிடாதே. என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டும் போகாதே, தயார் செய்து பேசுவது உனக்கு நன்றாக வரும், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. போய்க் கதவைத் தட்டு. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உடனே திறக்காமல் இருக்கலாம். நின்றுகொண்டிரு.

அம்மா